ஊதுங்க ஸார்... ஊதுங்க!

வேலையில் சேருகிற அன்றைக்கு எத்தனை கையெழுத்துப் போடுகிறோம் என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? பி.எஃப். பாரத்தில் ஒன்று, பாங்க் பாரத்தில் ஒன்று, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று. காலேஜில் சேரும்போதும் இதே கதைதான். அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் கையெழுத்துப் போட, க்யூவில் பின்னால் நிற்பவர் 'சீக்கிரம் ஸார்' என்று தோளைத் தட்டுவார். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவரைப் பிடித்து மியூஸியத்தில்தான் வைக்கவேண்டும்!

அந்தக் காகிதக் கட்டுக்குள் எங்கேயோ ஒரு வரி ஒளிந்திருக்கும். மது, போதை சம்பந்தப்பட்ட வரி. பெரும்பாலும் அது நம் கண்ணில் படுவது ஒரே ஒரு சமயத்தில்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரோ பிரின்ஸிபாலோ உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது!

'என் காசு, என் வாய். எவனுக்கு என்ன?' என்பது டீக்கடை வாதம். 'விக்கறதும் கவர்ன்மென்ட்டு, குடிச்சா புடிக்கறதும் கவர்ன்மென்ட்டா?' என்பது அதற்கடுத்த வாதம். இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரிகூடத் தெரியும். 1983-ல் ஆரம்பித்த டாஸ்மாக், 2003-லிருந்து சில்லரைக் கடைகளையும் தானே நடத்துகிறது. ஆனால், கடையில் விற்க லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக, வாங்கியவருக்கு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஆட லைசென்ஸ் கிடைத்துவிடாது.

விதிகள் கேட்பது 'குடிச்சியா?' என்று மட்டும் அல்ல. எப்போ? எங்கே? அப்போ உன் கையில் என்ன வேலை இருந்தது? இந்த மூன்றையும்தான். கடைசியாக நான்காவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியிலேயே பார்ப்போம்.

ரூல் நம்பர் 22

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ல் போட்ட நடத்தை விதிகளில் 22-வது விதி இதற்கென்றே இருக்கிறது. ட்யூட்டியில் இருக்கும்போது போதையில் இருக்கக் கூடாது. பொது இடத்தில் குடிக்கக் கூடாது. குடித்த நிலையில் பொது இடத்தில் தலைகாட்டவும் கூடாது. அளவு மீறியும் கூடாது. அந்தந்த ஊரில் என்ன மதுச் சட்டம் இருக்கிறதோ, அதற்குக் கட்டுப்பட வேண்டும். அதாவது டூரில் குஜராத் போனால் அங்கே மதுவிலக்கு. 'நான் தமிழ்நாட்டுக்காரன் ஸார்' என்பது செல்லாது.

பொது இடம் என்றால் என்ன? பொது ஜனங்கள் நுழையக்கூடிய எந்த இடமும். காசு கொடுத்து நுழைந்தாலும் சரி, சும்மா நுழைந்தாலும் சரி. ரயில், பஸ் மாதிரி வாகனங்களும் அதில் சேர்த்தி. 'அப்போ பார் எந்தக் கணக்கு?' என்று உங்கள் செக்‌ஷனில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்விதான். பதிலை என்கொயரி ஆபீஸரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளும்படி ஆகாமல் இருந்தால் சரி!

தனியார் கம்பெனிகள் தங்கள் தங்கள் விதிப் புத்தகத்தில் இதையே சுருக்கியோ நீட்டியோ எழுதி வைத்திருக்கின்றன. வார்த்தைதான் வேறு, விஷயம் ஒன்றுதான்.

எந்த ஸீட்டுக்கு எத்தனை மில்லிகிராம்?

மூன்றாவது கேள்வி 'கையில் என்ன வேலை?' என்பது. அதைப் பொறுத்து விதியின் இறுக்கம் மாறுகிறது.

பைக், கார் ஓட்டுகிறவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, முதல் தடவை மாட்டினால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், 2 வருஷம் என்று ஏறும்.

வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கு 2010-ல் மணிலாவில் திருத்திய சர்வதேச விதிப்படி 50 மில்லிகிராம் எல்லை. பல கப்பல் கம்பெனிகள் இதையும் குறைத்து, 'பூஜ்யம்தான்' என்று சொல்லிவிடுகின்றன. நடுக்கடலில் எங்கே ஓடுவது?

ரயில் டிரைவர் எஞ்சின் ஏறுவதற்கு முன்னால் ஊதிக் காட்டவேண்டும். 1989-ம் வருஷ ரயில்வே சட்டம், ட்யூட்டியில் போதையில் இருக்கும் ஊழியருக்கு அபராதம் என்கிறது. அதனால் பயணிகளுக்கு ஆபத்து வரக்கூடிய வேலை என்றால் ஒரு வருஷம் வரை சிறை.

பைலட்டுக்கு வந்தால் கதை முடிந்தது. விமானம் ஏறுவதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் ஒரு சொட்டு கூடாது. ஊதும்போது மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். முதல் தடவை தவறினால் லைசென்ஸ் 3 மாதம் சஸ்பெண்ட். இரண்டாவது தடவை 3 வருஷம். மூன்றாவது தடவை லைசென்ஸே ரத்து. வாய் கொப்பளிக்கும் மவுத்வாஷில்கூட ஆல்கஹால் இருக்கிறது என்பதால் 2023-ல் அதற்கும் தடை போட்டார்கள்!

இதில் வேடிக்கை என்னவென்றால், மேஜை நாற்காலி ஆபீஸருக்கு மில்லிகிராம் கணக்கே கிடையாது. 'போதையில் இருந்தார்' என்று நிரூபித்தால் போதும். எல்லை குறிப்பிடவில்லை என்றால் எல்லையே இல்லை என்று அர்த்தம் இல்லை. எல்லையை எதிரே இருப்பவர் தீர்மானிப்பார் என்று அர்த்தம்.

ஒரு குவார்ட்டர் கணக்கு

'ராத்திரிதானே ஸார் சாப்பிட்டேன். தூங்கினா எறங்கிடும்' என்பது பலருடைய நம்பிக்கை. கொஞ்சம் கணக்குப் போடலாமா?

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டில் மேலே 42.8 சதவிகிதம் என்று போட்டிருக்கும். ஆக, உள்ளே சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். நடுத்தர உடம்பு உள்ள ஆளின் ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7, 8 கிராம்தான் கரைக்கும். அது சர்க்கார் ஆபீஸ் மாதிரி. அவசரப்படுத்தினாலும் ஃபைல் அதே வேகத்தில்தான் நகரும். காபி, மோர், எலுமிச்சை ஜூஸ், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதற்கும் அது மசியாது.

குவார்ட்டர் கரைய 8 மணி நேரம். ஆஃப் அடித்தவருக்கு 16 மணி நேரம்.

இப்போது 65 கிலோ எடையுள்ள ஒரு நண்பர் ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்து 12 மணிக்கு ஓர் ஆஃபை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூங்கி எழுந்து, பல் விளக்கி, விபூதி பூசி, இட்லி சாப்பிட்டு, காலை 9 மணிக்கு ஆபீஸ் வாசலில் பைக்கை நிறுத்துகிறார். அந்த நேரத்தில் அவர் உடம்பில் இன்னும் 30 கிராம் பாக்கி. ரத்தத்தில் 60 மில்லிகிராமுக்கு மேல். பைக் எல்லையைப்போல் இரண்டு மடங்கு! மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் நேற்று ராத்திரி முடிகிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ஆனால், 'தூங்கிட்டேனே' என்ற வாதத்தை மீட்டர் கேட்காது.

வாசனை சாட்சி சொல்லுமா?

'ஊதவே மாட்டேன்னு சொல்லிட்டா?' என்று ஒரு புத்திசாலி கேட்பார். இதற்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் வந்திருக்கிறார்கள்.

1971-ல் ஒரு கிரிமினல் வழக்கு. வாயில் வாசனை வந்தது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது என்பதை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றது கோர்ட். அன்றையிலிருந்து 'இருமல் மருந்து குடிச்சேன் ஸார்' என்பவர்களுக்கு அது ஒரு கவசமாக இருந்தது.

2021-ல் இன்னொரு வழக்கு. டெல்லி இண்டியா கேட் பக்கத்தில், 2007 டிசம்பரில், நடு ராத்திரி தாண்டி ஒரு போர்ஷே கார் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து தீப்பிடித்தது. காரின் சொந்தக்காரர் ஒரு கம்பெனி. பெயர் பேர்ல் பெவரேஜஸ். (பானக் கம்பெனி! நாம் எதுவும் சொல்லவில்லை.) ஓட்டியவரிடம் மது வாசனை வந்தது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது. ரத்தப் பரிசோதனை கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. வாசனை, விபத்து நடந்த விதம், நேரம், காலியான ரோடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தது சரிதான் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சிறையில் தள்ள வேண்டிய சாட்சியம் வேறு, பணத்தை நிறுத்த வேண்டிய சாட்சியம் வேறு. ஆபீஸ் என்கொயரிக்கும் கிரிமினல் கோர்ட் அளவு சாட்சியம் தேவையில்லை. இருமல் மருந்துக் கவசத்தில் ஓட்டை விழுந்து நாளாகிவிட்டது.

25 வருஷ சர்வீஸ்

உத்தரப் பிரதேசத்தில் ஆயுதப் போலீஸ் டிரைவர் ஒருவர். 2000-ம் வருஷம், கும்பமேளா ட்யூட்டிக்குப் போலீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு போன லாரி ஒரு ஜீப்பில் மோதியது. டிரைவர் குடித்திருந்தார். பெரிய சேதமில்லை. ஆனாலும் டிஸ்மிஸ்.

வழக்கு 2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. சின்ன விபத்துதானே என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. யாரும் சாகாதது அதிர்ஷ்டம், அவ்வளவுதான், லாரியில் இருந்தவர்களின் உயிரோடு விளையாடியிருக்கிறார் என்றார்கள். 25 வருஷ சர்வீஸைக் கருதி, டிஸ்மிஸ்ஸைக் கட்டாய ஓய்வாக மாற்றினார்கள். குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேரட்டும் என்று. ஆனால் அந்த டிரைவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. 22 வருஷம் கோர்ட் படியேறிக் கிடைத்த பலன், அவர் மனைவி மக்களுக்குத்தான்.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலை செய்யும்போது அடிபட்டால் முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும் என்பது 1923-லிருந்து சட்டம். ஆனால், நேரடியாகப் போதையினால் நடந்த விபத்து என்றால் கிடையாது. உயிர் போனாலோ, வாழ்நாள் முழுக்க எந்த வேலையும் செய்ய முடியாதபடி முடங்கினாலோ மட்டும் விதிவிலக்கு. 2020-ல் எழுதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தப் பிரிவு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. மெஷினில் இரண்டு விரல் போய், அன்றைக்கென்று வாயில் வாசனையும் அடித்து, விபத்துக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிட்டால்... விரலும் இல்லை, பணமும் இல்லை.

ஹாஸ்டல் கதவைச் சாத்தினால்?

காலேஜ் பிள்ளைகள் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது விற்கக் கூடாது. ஓட்டுப் போட 18 போதும், க்ளாஸைத் தூக்க 21! ஆக, டிகிரி படிக்கும் பலருக்கு விஷயம் விதி என்ற அளவைத் தாண்டிச் சட்டத்துக்கே போய்விடுகிறது.

2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலில், குடித்துவிட்டு வந்த சீனியர்கள் அடித்ததில் முதலாண்டு மாணவர் அமன் கச்ரு இறந்தார். 19 வயது. அடித்த நாலு பேருக்கு 2010-ல் நாலு வருஷச் சிறை. டாக்டராகப் போன பிள்ளைகள்! அந்த வருஷம்தான் யு.ஜி.சி. ராகிங் தடுப்பு விதிகளைக் கொண்டு வந்தது. காலேஜில் சேரும்போது அப்பாவும் பிள்ளையும் தனித்தனியே பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்களே, படிக்காமல் போடும் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது.

மதுவைவிடக் கடுமையானது கஞ்சா சமாசாரம். 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டம் எடையை வைத்துத் தராசு பிடிக்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 வருஷம். 'ஒரு கிலோவா! நம்மகிட்ட ஒரு பொட்டலம்தானே' என்று நிம்மதியாகிவிட வேண்டாம். ஹெராயினில் சிறிய அளவு 5 கிராம்தான். எம்.டி.எம்.ஏ. என்ற பார்ட்டி மாத்திரைத் தூள் என்றால் அரை கிராம். அதில் 10 கிராமைத் தாண்டினாலே 20 கிலோ கஞ்சாவுக்குச் சமமான தண்டனை. கூடக் கலந்திருக்கும் மாவு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. டிரமடால் என்ற வலி மாத்திரையும் 2018-ல் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 'மாத்திரைதானே' என்பதும் செல்லாது.

மேன்ஷன்வாசிகள் காதைக் கொடுங்கள். இதே சட்டத்தில் 25-வது பிரிவு. அறையில் குற்றம் நடக்கிறது என்று தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும், குற்றம் செய்தவருக்குள்ள அதே தண்டனை. 'நான் தொடக்கூட இல்லை ஸார், ரூம் மேட்தான்...' என்பது கேட்க நன்றாக இருக்கும். தெரியும் என்று நிரூபித்துவிட்டால் அவ்வளவுதான்.

இது காலேஜோடு முடிகிறதா என்றால், இல்லை. சர்க்கார் வேலைக்கான அட்டஸ்டேஷன் பாரத்தில் 'உங்கள் மேல் வழக்கு உண்டா?' என்ற கேள்வி காத்துக்கொண்டிருக்கும். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், மறைத்தால் அதுவே வேலையைப் பறிக்கக் காரணமாகலாம் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இருபது வயசு விளையாட்டு, இருபத்தெட்டு வயசில் நேர்முகத் தேர்வு அறையில் வந்து உட்காரும்.

பெட்டியில் ஒரு பொட்டலம்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா அன்போடு மடித்துக் கொடுக்கும் கசகசாப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அது அபின் செடியின் விதை. நமக்குக் குருமா, சவூதியிலும் துபாயிலும் தடை செய்யப்பட்ட பொருள். 'சமையலுக்கு ஸார்' என்று ஏர்போர்ட்டில் மொழி தெரியாமல் விளக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

நான்காவது கேள்வி

இவ்வளவு பயமுறுத்திய பிறகு, யாரும் சொல்லாத ஒரு விஷயம். இந்த விதிகளுக்குள்ளேயே ஒரு கதவு இருக்கிறது.

கடுமைக்குப் பேர் போன அதே 1985 சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர், உபயோகித்த குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானாலும், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அவர் மேல் அந்த வழக்கு நடத்தக் கூடாது. ஒரே நிபந்தனை, பாதியில் எழுந்து ஓடக் கூடாது. ஓடினால் பாதுகாப்பும் போகும். 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளை நோய்ப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

ஆபீஸ்களுக்கும் இதே புத்திமதிதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் வெளியிட்ட வழிகாட்டி, குடிப் பிரச்னையை மற்ற நோய்களைப் போல நடத்துங்கள், சிகிச்சைக்குப் போகிறவரை வேலையில் பாரபட்சம் காட்டாதீர்கள் என்கிறது. அமெரிக்காவில் 1989-ல் வந்த ஒரு சட்டப்படி, மத்திய அரசின் பணம் வாங்கும் ஒவ்வொரு காலேஜும் வருஷா வருஷம் எல்லா மாணவருக்கும் ஊழியருக்கும் இந்த விதிகளை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அதில் தண்டனை மட்டுமல்ல, உதவி எங்கே கிடைக்கும் என்பதும் இருக்க வேண்டும். நம் ஊர் நோட்டீஸ் போர்டில் 'மீறினால் டிஸ்மிஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே ஒரு போன் நம்பர் போட இடமா இல்லை?

அந்த நம்பரை நாமே போட்டுவிடுவோம்: 14446. மத்திய அரசின் இலவச உதவி எண். சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, இதை நோயாகப் பார்த்துச் சிகிச்சை கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கிறது. அதற்காக அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் 'நாளையிலேர்ந்து தொடமாட்டேன்' என்று திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். உயிருக்கே ஆபத்து. அவருக்குத் தேவை சத்தியம் இல்லை, டாக்டர்.

2019-ல் எய்ம்ஸ் மருத்துவமனை செய்து முடித்த அகில இந்தியக் கணக்கெடுப்பில் ஒரு விவரம். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர்? அவர்களில் ஒருவர் உங்கள் ஹாஸ்டலில், உங்கள் செக்‌ஷனில், பக்கத்து மேஜையில்கூட இருக்கலாம். அவர் வாசனையை மறைக்கப் பாக்கு மெல்லும்போது நாமும் தெரியாத மாதிரி ஃபைலைப் புரட்டுகிறோம். அதற்குப் பெயர் நட்பு என்று நினைத்துக்கொண்டு!

நான்காவது கேள்வி இதுதான்: முதலில் வாயைத் திறந்தது யார்? நீங்களா, மீட்டரா? நீங்களே போய்ச் சொன்னால் அதற்குப் பெயர் மெடிக்கல் லீவு. மீட்டர் சொன்னால் சார்ஜ் மெமோ.

பக்கத்து மேஜைக்காரரிடம் இன்றைக்கே பேசிப் பாருங்கள். மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறமாகப் பேசுங்கள். அதற்கு முன்னால், நேற்று ராத்திரி இன்னும் முடிந்திருக்காது!